போய் வருகிறேன்: அயல்நாட்டில் ஒரு பருவமும் தாய்மொழியும்



நம் பல்கலைக்கழக மாணவர்கள் மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு பருவத்தை வெளிநாட்டில் கழிப்பது இன்று புதுமையன்று. அவர்களுள் ஜப்பானைத் தேர்ந்தெடுப்போரை மனத்திற்கொண்டு இன்று பேச விழைகிறேன். அந்நாட்டு மொழியைத் தமிழ்வழி அணுகினால் என்ன நேர்கிறது என்பதை மொழியியல் பயின்றவன் என்ற முறையில் சான்றுகளோடு காட்ட முடியும் என்பதே காரணம்.

புறப்படும் மாணவர் குளிராடை முதல் ஊறுகாய் வரை பெட்டியில் அடுக்குகிறார். தமிழை மட்டும் சாங்கி விமான நிலையத்தில் விட்டுச் செல்கிறார். ‘அங்கே தமிழால் எனக்கு என்ன பயன்?’ என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. ‘தமிழ் நம் உயிர்’ என்று மேடையில் முழங்குவது அதற்கு விடையாகாது.

ஒரு பருவம் என்பது ஏறத்தாழ 15 வாரம். அயல்நாட்டு மாணவர் விடுதியில் தங்கி, ஆங்கிலவழிப் பாடங்களைக் கேட்டு, பிற நாட்டு மாணவரோடு ஆங்கிலத்திலேயே உரையாடி, வார இறுதிகளில் ஊர் சுற்றிப் படமெடுத்துக்கொண்டு அந்த 15 வாரத்தையும் முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். அவர்கள் வாழ்ந்தது ஜப்பானில் அமைந்த ஓர் ஆங்கிலத் தீவில் என்றே சொல்வேன்.

அத்தீவிலிருந்து வெளியே வர முதல் படி எது? காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும் ஜப்பானியர் ‘இத்தெகிமஸ்’ என்கிறார். சில பாடநூல்கள் இதற்கு ஆங்கிலத்தில் ‘நான் கிளம்புகிறேன்’ என்று பொருள் தருகின்றன. சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: ‘இத்தெ’ என்றால் போய், ‘கிமஸ்’ என்றால் வருகிறேன். வீட்டில் இருப்பவர் ‘இத்தெ இரஷ்ஷாய்’ என்று விடை தருகிறார்; போய் வாருங்கள் என்பது அதன் நேர்ப்பொருள். வாசலில் நின்று ‘போகிறேன்’ என்று சொன்னதற்காகப் பாட்டியிடம் திட்டு வாங்கிய பிள்ளைக்கு இதை விளக்க வேண்டுமா? ஆங்கிலவழிக் கற்பவர் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்றைத் தமிழ் மாணவர் கேட்ட மாத்திரத்தில் அடையாளம் காண்கிறார். சொல்லோடு அதன் பின்னுள்ள அக்கறையையும் சேர்த்தே காண்கிறார்.

இந்த ‘இத்தெ’ நம் வினையெச்சத்தை ஒத்தது. அதன்மேல் ஒரு துணைவினையை ஏற்றுவதும் நம் முறையே. ‘தபெதெ மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். ‘மிரு’ என்பதன் அடிப்படைப் பொருளும் காணுதலே. ‘கத்தெ ஒகு’ என்றால் வாங்கி வை. ‘ஒகு’ என்பது வைத்தல். ‘நேற்று வந்த ஆள்’ என்பதை ‘கினோ கித ஹிதொ’ என்று அதே வரிசையில், இணைப்புச்சொல் எதுவுமின்றிச் சொல்கிறார்கள். ‘நீங்கள் வரவில்லையா?’ என்று கேட்டால், வராதவர் ‘ஆமாம், வரவில்லை’ என்கிறார். ஆங்கிலத்தில் சிந்திக்கும் மாணவர் இவ்விடத்தில் ‘இல்லை’ என்று தொடங்கிக் குழப்பம் விளைவிப்பார். தமிழில் சிந்திப்பவர்க்கு அவ்விடர் இல்லை.

சுட்டுச் சொற்கள் இவற்றினும் சுவையானவை. பேசுபவர் அருகில் இருப்பது ‘கொரெ’, கேட்பவர் அருகில் இருப்பது ‘சொரெ’, இருவர்க்கும் அப்பால் இருப்பது ‘அரெ’, வினாவுக்குத் ‘தொரெ’. இரண்டே சுட்டுடைய ஆங்கிலத்தின் வழியே இதனைக் கற்பிப்பது கடினம். தொல்காப்பியர் அகரம், இகரம், உகரம் என மூன்று சுட்டுகளைச் சொல்கிறார். அவற்றுள் உகரம் நம் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது; யாழ்ப்பாணத் தமிழில் ‘உது’, ‘உவன்’ என இன்றும் வாழ்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் யாழ்ப்பாண வழியினர் பலர் இருக்கிறார்கள். அவ்வீட்டுப் பிள்ளைகள் தம் பாட்டன் பாட்டியிடம் கேட்ட ஒரு சொல், தோக்கியோ வகுப்பறையில் அவர்களுக்குக் கைகொடுக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழும் ஜப்பானிய மொழியும் உறவுடையவை என்று நான் கூறவில்லை. பழைய ஜப்பானிய மொழியில் பேரறிஞரான சுசுமு ஓனோ அவ்வுறவை நிறுவப் பல்லாண்டு உழைத்தார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் சேர்ந்து ஆராய்ந்தனர். மொழியியலாளருள் பெரும்பாலோர் அம்முடிவை ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. வினை இறுதியில் வரும் தொடரமைப்பு கொரிய மொழியிலும் துருக்கிய மொழியிலும் உண்டு. அமைப்பு ஒத்திருப்பதால் இனம் ஒன்றாகிவிடாது. ஆயினும் கற்பவர்க்கு வேண்டியது வமிசாவளி அன்று, வழித்துணை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஜப்பானிய மொழியைக் கற்க ஏறத்தாழ 2,200 வகுப்பு மணிநேரம் தேவை என்று கணக்கிடுகிறது. அது ஆங்கிலம் பேசுவோர்க்கான கணக்கு. நம் மாணவர் அதனைத் தம் கணக்காக எடுத்துக்கொண்டு தொடங்கும் முன்பே சோர்ந்துவிடுகிறார்கள்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. பொதுப் பயன்பாட்டுக்கென வகுக்கப்பட்ட சீன எழுத்துகள் 2,136. அவற்றில் நம் சீன நண்பர்களே முன்னிற்பார்கள். அவர் பலகையைப் படிக்க, நீங்கள் தொடரைப் பிரிக்க, இருவரும் சேர்ந்து சென்றால் நல்லது. மரியாதை வழக்கோ தெரிந்ததுபோல் தோன்றி ஏமாற்றுவது. நாம் யாரிடம் பேசினாலும் ‘அப்பா வருகிறார்’ என்றே சொல்வோம். ஜப்பானியர் தம் தந்தையை நேரில் மரியாதையோடு ‘ஒதோசன்’ என்று அழைப்பார். வெளியாரிடம் அவரைப் பற்றிப் பேசுகையில் ‘சிச்சி’ என்று சொல்லி, வினையையும் தாழ்த்திக்கொள்வார். அலுவலகத்தில் தம் மேலாளரைப் பற்றி வெளி நிறுவனத்தாரிடம் பேசும்போதும் இப்படியே. நம் மரியாதை ஆளைப் பார்த்து அமைவது. அவர்களுடையது, பேசப்படுபவர் உள்வட்டமா வெளிவட்டமா என்பதைப் பார்த்து அமைவது. அவ்வுள்வட்டத்தை ‘உச்சி’ என்கிறார்கள். நம் ‘அகம்’ போலவே அதற்கும் உள், வீடு என்னும் இரு பொருள் உண்டு. அரைகுறை ஒற்றுமையே அதிகம் தடுமாற வைக்கும். ஆனால் எங்கே வேறுபடுகிறோம் என்பதைக் காணவும் நம் மொழியை அளவுகோலாகப் பிடித்துத்தான் ஆகவேண்டும்.

ஜப்பானுக்குப் போவதாகப் பிள்ளை சொன்னதும் வீட்டுப் பெரியவர் ஒருவர் பேசாமல் இருந்துவிடக்கூடும். அந்த மௌனத்தையும் மாணவர் அறிந்துகொள்ள வேண்டும். 1942 முதல் 1945 வரை சிங்கப்பூருக்குச் சியோனான் என்று பெயர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். அவர்களுள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. அத்தலைமுறை ஜப்பானிய மொழியைக் கற்றது விருப்பத்தினால் அன்று, கட்டாயத்தினால். உங்களோடு வகுப்பில் அமரும் ஜப்பானிய இளைஞர் இதற்குப் பொறுப்பாளி அல்லர். ஆனால் அவர் ‘உங்கள் நாட்டில் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?’ என்று கேட்டால், உண்மையான விடை ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். அதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் புறப்படும் முன் தமிழ் வகுப்பில் ஓரிரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். வினையெச்சத்தையும் மூன்று சுட்டையும் தேர்வுக்காகப் படித்த பிள்ளை, அவற்றை அயல்மொழியில் மறுபடி சந்திக்கும்போது இலக்கணம் என்பது வேறொன்றாகத் தெரியும். ஜப்பானிய அசையெழுத்து வரிசையையும் காட்டுங்கள்: அ இ உ எ ஒ, பின்னர் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ஹகரம் முற்காலத்தில் பகரமாக ஒலித்தது. பௌத்தத் துறவிகள் வழியாகச் சென்ற வடமொழி ஒலிநூலறிவு தந்த வரிசை அது. நம் நெடுங்கணக்கை அறிந்தவர்க்குப் புதிதன்று.

மாணவர்களுக்கு: முதல் சில வாரம் கேட்கும் சொற்களைத் தமிழெழுத்தில் குறித்துவாருங்கள். ‘ஒபசன்’ என்றால் அத்தை. ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. ஆங்கில எழுத்தில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே எழுதப்படுகின்றன. நம் குறிலும் நெடிலும் அவ்வேறுபாட்டை எளிதில் காட்டும். ‘கிதெ’ என்றால் வந்து. ‘கித்தெ’ என்றால் அஞ்சல்தலை. இங்கும் தமிழெழுத்து தவறாது. ஆனால் வல்லோசை, மெல்லோசை வேறுபாட்டை அது காட்டாது. பொன்னுக்கும் வெள்ளிக்கும் உரிய ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘கின்’ என்றே வரும். வெள்ளியைக் குறிக்கும் கின்னின் கீழ் மட்டும் ஒரு கோடு இட்டுக்கொள்ளுங்கள்.