உறிஞ்சுவது யார்?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"முப்பது வருஷம் பம்ப்செட்டோட குடும்பம் நடத்தினவன், அழுத்தத்தைப் பத்திப் பேசுப்பா" என்று நம் செயலாளர் உத்தரவிட்டுவிட்டார். பயப்படாதீர்கள், ஃபார்முலா கிடையாது.

முதலில் தண்ணீர். பக்கத்தில் இருக்கிற தென்கால் கண்மாயையே எடுத்துக்கொள்வோம். கண்மாய்க்கரை எப்போதும் மேலே குறுகல், அடியில் அகலம். காரணம், தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. பரப்பைப் பொறுத்தது அல்ல. நூறு ஏக்கர் கண்மாயானாலும் வீட்டுக் கிணறானாலும் பத்தடி ஆழத்தில் அழுத்தம் ஒன்றுதான். நமக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. அதன் உச்சி அகலம் சுமார் 12 அடி. அடி அகலம் சுமார் 138 அடி. எல்லாம் இதே கணக்குதான்.

அடுத்தது காற்று. அதுவும் ஒரு கடல். நாம் அதன் தரையில் நடமாடுகிறோம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் சுமார் ஒரு கிலோ எடை அமர்ந்திருக்கிறது. கொடைக்கானல் பஸ் மலையேறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் உள்ளே அடைத்த காற்று விரிகிறது.

இனி பம்ப். அது தண்ணீரை உறிஞ்சுகிறது என்கிறோம். உண்மையில் அது குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அதற்கும் ஒரு எல்லை உண்டு. காற்றால் 76 செ.மீ. பாதரசத்தைத் தாங்க முடியும் என்று 1643-ல் இத்தாலியின் டாரிசெல்லி காட்டினார். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். ஆகவே தண்ணீர் என்றால் சுமார் 34 அடி. குழாய் உராய்வு எல்லாம் போக, கைக்குக் கிடைப்பது 20, 25 அடிதான். நூறு குதிரைத்திறன் மோட்டார் வைத்தாலும் 34-ஐத் தாண்டாது!

நம் பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்க இறங்க, பம்பும் பின்னாலேயே இறங்கியது இதனால்தான். கிணற்றுக்குள் உத்தரம் போட்டு மோட்டாரை வைத்தார்கள். மழை பிடித்தால் ராத்திரியோடு ராத்திரியாக மேலே தூக்கினார்கள். மின்மோட்டார் என்றால் தொல்லை அதோடு போயிற்று. கரண்ட் இல்லாத இடத்தில் டீசல் எஞ்சினை இறக்கியபோதுதான் எமனும் கூட இறங்கினான்.

எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமில்லை, வாசனையில்லை. ஆழ்கிணற்றில் காற்றோட்டம் இல்லாததால் அது அங்கேயே தங்கும். எஞ்சினை நிறுத்தப் போனவர் மயங்குவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். அண்ணனும் தம்பியும் அப்படிப் போன ஒரு கிணற்றடியில் நான் நின்றிருக்கிறேன். "லாந்தர் இறக்கிப் பார்த்தோமே சார், நல்லா எரிஞ்சுச்சே!" என்று அவர்கள் தகப்பனார் கேட்டார். பிராணவாயு குறைந்தால்தான் விளக்கு அணையும். ஆளைக் கொல்லும் அளவு மோனாக்சைடு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். அந்தப் பெரியவரிடம் இதை அன்றைக்கு எப்படிச் சொல்வது?

நண்பர்களே, மேலே இழுப்பதற்குத்தான் 34 அடி எல்லை. கீழிருந்து தள்ளுவதற்கு அந்த எல்லை இல்லை. நீர்மூழ்கி பம்ப் தண்ணீருக்குள் இருந்தே தள்ளுகிறது. ஜெட் பம்பும் மேலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கீழே அனுப்பி, அதன் வேகத்தால் மற்ற தண்ணீரை ஏற்றுகிறது. எஞ்சின் கிணற்றுக்குள் இறங்க வேண்டிய அவசியமே இல்லை.

நம்மில் பலருக்கு ஊரில் இன்னும் கிணறு உண்டு. அடுத்த முறை போகும்போது மூன்று வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். எஞ்சின் மேலேயே இருக்கட்டும். விளக்கை நம்ப வேண்டாம். யாராவது உள்ளே மயங்கினால் பின்னாலேயே இறங்காமல் 101-க்கோ 112-க்கோ போன் செய்து தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள். அவர்களிடம் சுவாசக் கருவி உண்டு.

நாம் இங்கே படித்த படிப்பு ஒரு உயிரையாவது காப்பாற்றினால் அதுவே போதும்.