ஊர்ப்பொதுவும் உழைப்போர் உடைமையும்

(பாகூரில் தமிழன்பர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாகூரும் வில்லியனூரும் அரசேடுகளில் 'கொம்யூன்' என்று குறிக்கப்படுகின்றன. 1880-இல் பிரெஞ்சியர் வகுத்த அமைப்பின் பெயர் அது. அச்சொல்லின் வேர்ப்பொருள் பொது என்பதே. பெயர்ப்பலகையில் பொது இருக்கின்றது, பிழைப்பில் இருக்கின்றதா? இதுவே நான் உங்கள்முன் வைக்கும் வினா.

பொதுமையைப் பிரெஞ்சியர்தாம் நமக்குக் கற்பித்தனர் என்று எவரேனும் கருதினால், அவர் பாகூர் ஏரிக்கரையில் ஒருநாள் நடந்து பார்க்கட்டும். தென்பெண்ணையாற்று நீரைச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் கொணர்ந்து இவ்வேரியில் சேர்க்கின்றது. புதுவை வட்டாரத்தில் ஊசுட்டேரிக்கு அடுத்த பேரேரி இது. இத்துணைப் பெரிய நீர்நிலையைத் தனியொருவன் காத்தல் கூடுமா? கரை உடைந்தால் ஒருவன் வயல் மட்டுமா அழியும்? ஆகவே ஊர் கூடித் தூர் வாரிற்று. ஊர் கூடி மதகு காத்தது. கடைமடைக்கும் நீர் செல்லுமாறு முறைவைத்துப் பாய்ச்சிற்று. இதனைக் 'குடிமராமத்து' என்றனர். மராமத்து அரபுவழி வந்த சொல். சொல் அயல், செயல் நமது. குடிகள் தாமே செய்த செப்பம் ஆதலின் 'குடிச்செப்பம்' என்றே நாம் வழங்கலாம்.

பழஞ்சான்றுகளும் உள. பல்லவன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு 9-ஆம் நூற்றாண்டினது. மூன்று ஊர்களை இவ்வூர்க் கல்வி நிலையத்திற்கு விட்டமையை அது கூறுகின்றது. அங்கு ஓதப்பட்டது வடமொழிக் கல்வி என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஊர் விளைவு கல்விக்கு உரியது என்னும் முறையை மட்டும் எடுத்துக் கொள்வோம். 919, 921 ஆகிய ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பிரித்துக் குடவோலையால் ஆளெடுத்த முறையை விரிக்கின்றன. ஒருமுறை பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரலாகாது என்று அன்றே விதித்தனர்.

ஆனால், பெருமக்களே, பழம்பெருமை பேசிக் கைதட்டல் பெறுவதற்காக நான் வரவில்லை. அதே கல்வெட்டை முழுதும் படியுங்கள். குடவோலையில் யார் பெயர் எழுதப்பட்டது? கால்வேலிக்கு மேல் இறைகட்டும் நிலம் உடையவன், தன் மனையில் வீடு கட்டி வாழ்பவன், வேதம் ஓதியவன் பெயர்தான்! சேற்றில் இறங்கியவனுக்கு ஓலை இல்லை. நாற்று நட்ட பெண்ணுக்கும் ஓலை இல்லை. ஏரியில் பொதுமை இருந்தது. களத்துமேட்டில் பொதுமை இல்லை. வில்லியனூர்த் தேர்வடத்தை ஆளுநரும் பிடிக்கிறார்; அன்றாடங்காய்ச்சியும் பிடிக்கிறான். வடம் பிடிப்பதில் உள்ள ஒப்புமை வருவாய் பிரிப்பதில் வேண்டாவா? உழைத்தவனுக்கு உடைமை இல்லாத பொதுமை அரைப்பொதுமையே!

அந்த அரைப்பொதுமையும் பின்னர்த் தேய்ந்தது. ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. தன் நிலத்தடியில் தானே நீர் எடுக்கத் தொடங்கியவன் ஏரிக்கரைப் பக்கம் வருவதை மறந்தான். குழாய் போடப் பணம் உள்ளவன் பிழைத்தான். இல்லாதவன் அவனிடம் நீர் வாங்கினான். இறைத்த மிகுதியால் கடலோரத்து நிலத்தடியில் உவர் ஏறிற்று. பொது கெட்டபின் தனியும் கெட்டது!

ஆலைகளைப் பார்ப்போம். 1936 சூலை 30-இல் புதுவைச் சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரெஞ்சுக் காவற்படையின் குண்டுக்கு இரையாயினர். எட்டுமணி நேர வேலையுரிமை அக்குருதியில் விளைந்தது. பின்னர் முதலாளிகளிடமிருந்து ஆலைகள் அரசின் கைக்கு மாறின. தொழிலாளி நிலை மாறிற்றா? ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 2020-இல் மூடப்பட்டபோது முடிவெடுத்தவன் தறியில் நின்றவன் அல்லன். முதலாளி போனான், அதிகாரி வந்தான், உழைத்தவன் கூலிக்காரனாகவே நின்றான்.

வேறு வழி உண்டா என்பீர். உண்டு. 1957-இல் காப்பி வாரியம் தன் காப்பி விடுதிகளை மூடி ஆட்களை நீக்கத் தொடங்கியபோது, ஏ.கே. கோபாலன் தூண்டுதலால் பரிமாறுவோரும் சமைப்போரும் கூட்டுறவுக் கழகம் அமைத்து விடுதிகளைத் தாமே ஏற்றனர். அவ்விடுதிகள் பல நகரங்களில் இன்றும் நடக்கின்றன.

கடல்கடந்து இசுபெயின் நாட்டில் பாசுகு மக்கள் வாழ்கின்றனர். பிராங்கோவின் கொடுங்கோலாட்சியில் அவர்தம் தாய்மொழி ஒடுக்கப்பட்டது. அம்மண்ணில் மொந்திராகோன் என்னும் சிற்றூரில் ஒரு பாதிரியார் 1943-இல் தொழிற்பள்ளி தொடங்கினார். அங்குப் பயின்றோர் 1956-இல் சிறு பட்டறை நிறுவினர். இன்று அது பல்லாயிரவர் உழைக்கும் கூட்டுறவுக் குழுமம். பங்கு எத்துணையாயினும் ஓர் உறுப்பினர்க்கு ஒரே வாக்கு. மேலோர் ஊதியம் கீழோர் ஊதியத்தின் மிகப்பல மடங்காகாது. 2013-இல் அவர்தம் பெரிய நிறுவனமாகிய பாகோர் நொடித்தது. அப்போதும் உறுப்பினர் பலரை உடன்பிறப்பான பிற கழகங்கள் ஏற்றுக் கொண்டன. நொடித்தல் எங்கும் உண்டு. கைவிடாமையே பொதுமையின் உரைகல்.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. ஒன்று: ஏரிக் கழகத்தில் நிலமுடையோரோடு நிலமற்ற உழைப்பாளரும் பெண்களும் நிகர் வாக்குடன் அமர்தல் வேண்டும், மீனும் மரமும் தரும் வருவாயில் அவர்க்கும் பங்கு வேண்டும். இரண்டு: நெல்லரைக்கும் ஆலையும் நெய்யும் தறியும் வில்லியனூர்க் குயவர் சூளையும் அவற்றில் உழைப்போர் உடைமையாதல் வேண்டும். கூட்டுறவு எனப் பெயர் சூட்டி அலுவலர் ஆள்வது கூட்டுறவு ஆகாது. மூன்று: அவற்றின் கணக்கும் நடவடிக்கையும் நல்ல தமிழில், ஊரார் முன் படிக்கத்தக்க வகையில் இருத்தல் வேண்டும். புரியாத மொழியில் எழுதிய கணக்கு, காட்டாத கணக்கே!

மொழியை மீட்போம் என்கிறோம், மிக நன்று. அம்மொழி பேசும் வாய்க்குச் சோறும், அச்சோற்றை விளைத்த கைக்கு உரிமையும் மீளாவிடின் மீட்பு முழுமை பெறாது. வரும் கோடையில் தூர்வாரக் கரையில் கூடும்போது, மண்வெட்டி பிடித்தவர் பெயரெல்லாம் கழக ஏட்டில் உறுப்பினராய் ஏறட்டும். அங்கிருந்து தொடங்குவோம்.

வாழ்க தமிழ்! வெல்க உழைப்போர் உரிமை!