கண்ணுக்குப் பொறுமை வேண்டாம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தொண்ணூறுகளில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் குப்பிவிளக்கு வெளிச்சத்திற் படித்தவர்கள் நாங்கள். தலையிடி, கண்ணெரிவு எதையும் வெளியே சொல்லாமற் பொறுத்துப் பழகினோம். அந்தப் பொறுமை எங்களைக் கரைசேர்த்தது. ஆனால் கொன்டாக்ட் லென்ஸ் அணிந்த கண்ணுக்கு அதுவே ஆபத்து. இதைச் சொல்லத்தான் வந்தோம்.

பல்கலைக்கழகத்திலேதான் எங்களிற் சிலர் முதன்முதலாக லென்ஸ் போட்டோம். சோதனைக் காலத்தில் லென்ஸோடே படித்து, லென்ஸோடே உறங்கிப்போன இரவுகள் உண்டு. ஒரு விடியலில் எங்கள் அறைத்தோழி ஒருத்தி சிவந்த கண்ணைத் திறக்க முடியாமல் எழுந்தாள். "சோதனை முடியட்டும், பார்ப்பம்" என்று மருத்துவம் படித்த நாங்களே சொன்னோம். இரண்டு நாள் பொறுத்தோம். கருவிழியிற் புண் வந்துவிட்டது. பார்வை தப்பியது, தழும்பு இன்னும் இருக்கிறது.

கருவிழியில் இரத்தக்குழாய் இல்லை. தனக்கு வேண்டிய ஒட்சிசனில் பெரும்பங்கை அது கண்ணீரினூடாகக் காற்றிலிருந்தே பெறுகிறது. லென்ஸோடு உறங்கினால் இமையும் லென்ஸுமாக இரண்டு தடைகள் குறுக்கே நிற்கும். ஆகவே, உறங்குமுன் கழற்றிவிடுவோம்.

உறுத்தலுக்குப் பெரும்பாலும் கண் உலர்வதே காரணம். கணினியை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. குளிரூட்டிய அறை, விமானம், குளிர்நாட்டு வீடுகளின் சூடேற்றி எல்லாம் கண்ணீரை உலர்த்தும். நாற்பதைத் தாண்டிய எங்களுக்குக் கண்ணீர் குறையவும் கூடும். இடைக்கிடை முழுமையாக இமைப்போம். லென்ஸுடன் பாவிக்கத்தக்க சொட்டுமருந்தை மாத்திரம் விடுவோம்.

கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பின்பே லென்ஸைத் தொடுவோம். பழைய கரைசலை ஊற்றிவிட்டு, ஒவ்வொரு முறையும் புதியதிலேயே தேய்த்து, அலசி, ஊறவைப்போம். லென்ஸ் பெட்டியை 3 மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றுவோம். ஒருநாள் லென்ஸை அன்றைக்கே எறிந்துவிடுவோம். அலங்காரத்துக்கு முன் லென்ஸைப் போட்டு, அலங்காரத்தைக் கலைக்குமுன் கழற்றுவோம்.

ஊருக்கு வரும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது லென்ஸிற் படக்கூடாது. கிணறு, குழாய், கடல் எதிலும் அகந்தமீபா என்னும் கிருமி இருக்கலாம்; அது கருவிழியைப் புகுந்து அரிக்கும். குளிக்கவும் கடலில் இறங்கவும் முன்னர் லென்ஸைக் கழற்றுவோம்.

உறுத்தினால் முதலிற் கழற்றுவோம். கழற்றியபின்னும் நோவு, சிவப்பு, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல் இருந்தால் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போவோம். லென்ஸையும் பெட்டியையும் கையோடு கொண்டுபோவோம். மருந்துக்கடையில் நாமாகவே ஸ்டீரொய்ட் சொட்டுமருந்து வாங்கி விடவேண்டாம்.

கடைசியாக ஒன்று. கைப்பையில் எப்போதும் ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கட்டும். இந்த வகுப்பறைகளில் "நாலுகண்ணி" என்ற கேலிக்குப் பயந்துதான் அதை ஒளித்தோம். இத்தனை வயதுக்குப் பிறகு அந்த வெட்கம் எதற்கு?