எலி சொல்லாததைக் குரங்கு சொன்னது

எங்க தாத்தாவுக்கு சுகர், அப்பாவுக்கும் சுகர். போன மாசம் நான் டெஸ்ட் எடுத்தேன். வெறும் வயித்துல நார்மல். அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம்தான் ரீசஸ் குரங்குகளைப் பற்றிப் படிச்சேன்.

கூண்டில் வேண்டிய அளவு சாப்பிட்டு, வயசாகி, எடை கூடும்போது, இந்தக் குரங்குகளில் சிலதுக்கு டைப் 2 சர்க்கரை நோய் தானாகவே வருது. நமக்கு வர்ற மாதிரியேதான். வருஷக்கணக்கா ரத்தத்தைச் சோதித்ததில் ஒன்று தெரிந்தது. முதலில் ஏறுவது சர்க்கரை இல்லை, இன்சுலின். உடம்பு இன்சுலின் சொல்பேச்சைக் கேட்காததால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து சமாளிக்குது. அதுவரை ரிப்போர்ட் நார்மல்தான். கணையம் ஓய்ந்த பிறகுதான் சர்க்கரை ஏறுது.

உள்ளே நடப்பது என்ன? இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களே அமிலின் என்ற ஹார்மோனையும் சுரக்கின்றன. அது 37 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. நோய் வந்த மனிதர்களிலும் குரங்குகளிலும் இந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டி, நார் நாராகக் கணையத்தில் படியுது. கூடவே பீட்டா செல்களும் குறையுது. எலியோட அமிலின் அப்படி ஒட்டாது. அதில் 25, 28, 29-ஆவது இடங்களில் புரோலின் இருக்கு. அது ஒட்டவிடாமல் தடுக்குது. அதனால சாதாரண எலியை மட்டும் பார்த்திருந்தா இந்தப் படிவு கண்ணிலேயே பட்டிருக்காது.

ஆனா எலியோட அந்த வித்தையும் வீண்போகல. மனித அமிலினில் அதே மூன்று இடங்களில் புரோலினை வைத்து உருவானதுதான் பிராம்லின்டைட். இன்சுலினோடு சேர்த்துப் போடும் ஊசி மருந்து. 2005-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சுது.

விஸ்கான்சினில் 1989-ல் தொடங்கிய ஆய்வில், ஒரு பிரிவு குரங்குகளுக்குக் கலோரியை 30 சதவீதம் குறைத்தார்கள். 2009-ல் வந்த முடிவுப்படி, அந்தப் பிரிவில் ஒன்றுக்குக்கூட சர்க்கரை நோய் இல்லை. வழக்கம்போலச் சாப்பிட்ட 38 குரங்குகளில் 5-க்கு நோய், 11-க்கு அதன் முந்தைய நிலை.

இதெல்லாம் நமக்குத் தெரிய, அந்தக் குரங்குகள் வாழ்நாள் முழுக்கக் கூண்டில் இருந்திருக்கு. அந்த உறுத்தல் எனக்கு இன்னும் போகல. தெரிஞ்சும் சும்மா இருந்தா அது இன்னும் மோசம்னு தோணுது. உங்க வீட்லயும் சுகர் இருந்தா, ஒரு நார்மல் ரிப்போர்ட்டோட நிம்மதியாகிடாதீங்க. டாக்டர்கிட்ட குடும்ப வரலாற்றையும் சொல்லுங்க. நானும் போறேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.