ஐந்தாவது நாற்காலி
(பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சோர்ந்து போகாமல் வாழ்வது எப்படி என்பதைக் குறித்து, விளையாட்டில் சாதித்த பெண்களின் வாழ்க்கையிலிருந்து சில காரியங்களைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டீர்கள். அதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம்முடைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், 2022ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் போட்டி நடந்தது. ரஷ்யாவில் நடக்க வேண்டிய போட்டி அது. உக்ரைன் போர் மூண்டதால் அங்கிருந்து மாற்றப்பட்டு, நான்கே மாத அவகாசத்தில் நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது.

"சதுரங்கமும் ஒரு விளையாட்டா? உட்கார்ந்துகொண்டு காய் நகர்த்துவதில் என்ன சிரமம்?" என்று சிலர் நினைக்கலாம். ஓர் ஆட்டம் நான்கு ஐந்து மணி நேரம் நீடிப்பதுண்டு. அத்தனை நேரமும் கவனம் சிதறக்கூடாது. நான்கு மணி நேரம் நன்றாக ஆடியவர், களைப்பினால் ஒரு நிமிடம் அசந்தால் எல்லாம் போய்விடும். மாமல்லபுரத்தில் 12 நாட்களில் 11 சுற்றுகள் நடந்தன. நடுவில் ஆகஸ்டு 4ஆம் தேதி ஒரு நாள் மட்டுமே ஓய்வு. உடல் ஒத்துழைக்காவிட்டால் மூளையும் ஒத்துழைக்காது என்பதை அந்த ஆட்டக்காரர்கள் நன்றாக அறிவார்கள்.

அந்தப் போட்டியில் இந்தியப் பெண்கள் முதல் அணியில் ஐந்து பேர் இருந்தார்கள். கோனேரு ஹம்பி, துரோணவல்லி ஹரிகா, நம் சென்னைப் பெண் வைஷாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி. இவர்களில் ஹரிகா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி.

ஹரிகா ஆந்திர மாநிலம் குண்டூரைச் சேர்ந்தவர். 2004ஆம் ஆண்டு, 13 வயதில் முதன்முதலாக இந்திய அணிக்காக ஒலிம்பியாட் போட்டியில் ஆடினார். அதன்பின் 18 ஆண்டுகள் ஒரு பதக்கத்துக்காகக் காத்திருந்தார். ஒலிம்பியாட் இந்தியாவுக்கு வருகிறது என்ற செய்தி வந்தபோது அவர் கருவுற்றிருந்தார். அவர் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? தம்முடைய மருத்துவரிடம் போய்க் கேட்டார். சிக்கல் எதுவும் இல்லாமல் உடல்நலம் நன்றாக இருந்தால் ஆடலாம் என்று மருத்துவர் சொன்னார். அன்று முதல் அதற்கேற்றபடி தம் நாட்களை அமைத்துக்கொண்டார். வளைகாப்பு, விருந்து, கொண்டாட்டம் எல்லாவற்றையும் தள்ளிவைத்தார். இவற்றைப் போட்டி முடிந்த பிறகு அவரே எழுதியிருக்கிறார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. சதுரங்க ஒலிம்பியாட்டில் ஓர் அணிக்கு ஐந்து பேர். ஆனால் பலகைகள் நான்குதான். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு பேர் ஆடுவார்கள், ஒருவர் ஓய்வெடுப்பார். முதல் சுற்றில் ஹரிகா ஆடவில்லை. மற்ற நால்வரும் ஆடி வெற்றி தேடித் தந்தார்கள். உடல் களைத்தவர் ஒரு சுற்றில் ஆடாமல் படுத்துக்கொள்ளலாம். அவருடைய இடத்தில் இன்னொருவர் வந்து அமர்வார். ஓய்வெடுத்தவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை. ஓய்வு அந்தப் போட்டியின் சட்டத்திலேயே இருக்கிறது. ஒன்பது மாதக் கர்ப்பிணி ஒருவர் உலகப் போட்டியில் ஆட முடிந்ததற்கு அவருடைய மன உறுதி ஒரு காரணம். அந்த ஐந்தாவது நாற்காலி இன்னொரு காரணம்.

முடிவு என்ன ஆயிற்று? பத்துச் சுற்றுகள் முடிந்தபோது நம் பெண்கள் தனித்து முதலிடத்தில் இருந்தார்கள். தங்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆகஸ்டு 9ஆம் தேதி கடைசிச் சுற்றில் அமெரிக்க அணியிடம் 1-3 என்று தோற்றார்கள். தங்கம் உக்ரைனுக்குப் போனது. அந்தப் பெண்கள், சொந்த நாட்டில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்களில் இங்கே வந்து ஆடியவர்கள். வெள்ளி ஜார்ஜியாவுக்கு. நமக்கு வெண்கலம். ஒலிம்பியாட்டில் இந்தியப் பெண்கள் பெற்ற முதல் பதக்கம் அது. அதே ஆகஸ்டு மாதத்தில் ஹரிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

தங்கத்தைக் கோட்டைவிட்ட அந்த வருத்தம் சிறியதல்ல. நான்காம் சுற்றில் ஹங்கேரியை வென்றதற்குக் காரணமாக இருந்த தானியா, கடைசி நாளில் தோற்றார். ஆனால் யாரும் விளையாட்டை விட்டுப் போகவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில், ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் அடுத்த ஒலிம்பியாட் நடந்தது. ஹரிகா, வைஷாலி, தானியா ஆகிய மூவரோடு திவ்யா தேஷ்முக், வந்திகா அகர்வால் என்னும் இரண்டு இளம்பெண்கள் சேர்ந்தார்கள். எட்டாம் சுற்றில் போலந்து அணியிடம் தோற்றார்கள். அதில் ஹரிகாவும் தம் ஆட்டத்தை இழந்தார். கடைசிச் சுற்றில் அஜர்பைஜானுக்கு எதிராக அதே ஹரிகா வென்றார். இந்தியப் பெண்கள் தங்கம் பெற்றார்கள். மாமல்லபுரத்தில் நழுவியது புடாபெஸ்டில் கிடைத்தது.

வைஷாலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரலில் கனடாவின் டொராண்டோ நகரில், உலகப் பட்டத்துக்குப் போட்டியிடத் தகுதி பெறுபவரைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டங்கள் நடந்தன. மொத்தம் 14 சுற்றுகள். 6ஆவது சுற்று முதல் 9ஆவது வரை தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் வைஷாலி தோற்றார். தலை நிமிர்ந்து வெளியே வருவதே கடினம். ஆனால் 10ஆவது சுற்றில் மீண்டும் போய் உட்கார்ந்தார், வென்றார். அதன்பின் கடைசிச் சுற்று வரை ஐந்து ஆட்டங்களிலும் வெற்றி! நேற்றைய தோல்வியை இன்றைய பலகைக்குக் கொண்டு போகாதவர்களுக்கே இது கைகூடும்.

ஹம்பியோ, தாய்மைக்காக இரண்டு ஆண்டுகள் விளையாட்டை விட்டு விலகியிருந்தார். "இனி எங்கே?" என்று கேட்டவர்கள் உண்டு. 2017இல் மகள் பிறந்தாள். 2019 டிசம்பரில் மாஸ்கோவில் உலக விரைவுச் சதுரங்கப் பட்டத்தை வென்றார். 2024இல் நியூயார்க்கில் அதே பட்டத்தை இரண்டாம் முறையும் வென்றார். விலகியிருந்த காலம் அவருக்கு நஷ்டமாகிவிடவில்லை.

சகோதரிகளே, இவர்கள் வாழ்க்கையிலிருந்து நான் மூன்று காரியங்களைக் காண்கிறேன். மருத்துவரை ஆரம்பத்திலேயே கேட்டு, அவர் சொன்னபடி நடந்தார்கள். ஓய்வெடுக்க வெட்கப்படவில்லை. தோற்ற மறுநாளும் வந்து அமர்ந்தார்கள். இந்த மூன்றுக்கும் பக்கத்தில் ஆட்கள் தேவை. மருத்துவர், பயிற்சியாளர், குடும்பத்தார், இடத்தை நிரப்பும் தோழி, இவர்கள் இல்லாமல் மன உறுதி மட்டும் வெகுதூரம் கொண்டு போகாது.

இனி, அந்தப் போட்டி அரங்கத்திலிருந்து சற்றுத் தெற்கே வாருங்கள். கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினம் இருக்கிறது. பெயரிலேயே சதுரங்கம்! அந்தக் கரையோரக் குப்பங்களில் விடிவதற்கு முன்னே எழுந்து, படகு கரை சேர்ந்ததும் மீன் எடுத்து, கூடையைத் தலையில் சுமந்து விற்கப் போகும் பெண்கள் உண்டு. செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் நாற்று நடுபவர்கள், சூளையில் கல் சுமப்பவர்கள் உண்டு. கருவுற்றாலும் இவர்களில் பலருக்கு வேலை நிற்பதில்லை. மனோதைரியத்தில் இவர்கள் எந்தச் சாம்பியனுக்கும் குறைந்தவர்கள் அல்ல. இவர்களிடம் போய், "சோர்ந்து போகாதே" என்று நாம் பிரசங்கம் செய்யத் தேவையில்லை. இவர்களிடம் இல்லாதது அந்த ஐந்தாவது ஆள்தான்.

"ஏன் அம்மா பரிசோதனைக்கு வரவில்லை?" என்று கேட்டால், "அன்றைக்கு மீன் நிறைய வந்தது", "மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது", "ஒரு நாள் கூலி போய்விடுமே" என்றுதான் பதில் வருகிறது. அறியாமை அல்ல, இடத்தில் அமர ஆள் இல்லாமை. அதன் விலை என்ன? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் அது இரத்தச்சோகை. களைப்பு என்று அவள் நினைப்பது பல நேரங்களில் இதுதான். பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டால், ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடல் அதைத் தாங்காது. இரத்த அழுத்தம் கூடுவது வெளியே தெரியாது. அளந்து பார்த்தால்தான் தெரியும். கடுமையான தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், உதிரம் படுதல், குழந்தையின் அசைவு குறைதல், இவற்றில் ஒன்று கண்டாலும் "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருக்கக்கூடாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள்.

அரசாங்கம் செய்வதும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதியுதவி தவணைகளாகத் தரப்படுகிறது. கர்ப்ப காலத்தில் 180 நாட்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் மாத்திரை வாங்க வரிசையில் நிற்கும் அந்தக் காலை நேரத்தில் அவள் கூடையை யார் சுமப்பது? அதைப் பக்கத்து வீட்டார்தான் செய்ய முடியும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் தெருவில் கருவுற்றிருக்கும் ஒரு பெண்ணை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். மாதம் ஒரு காலை அவளுடைய மூத்த பிள்ளையை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை நாளில் அவளோடு கூட வந்து வரிசையில் நில்லுங்கள். பிற்பகலில் அவள் ஒரு மணி நேரம் படுத்திருந்தால் மாமியாரிடம் அவளுக்காகப் பரிந்து பேசுங்கள். குடத்துத் தண்ணீரை ஒருநாள் நீங்கள் எடுத்துக் கொடுங்கள். வீட்டிலுள்ள சகோதரர்களுக்கும் சொல்கிறேன், அந்த ஐந்தாவது நாற்காலி பெண்களுக்கு மட்டும் போடப்பட்டதல்ல.

ஹரிகா கழுத்தில் பதக்கம் விழுந்தபோது, அவர் ஆடாத சுற்றுகளில் ஆடியவர்களின் கழுத்திலும் அதே பதக்கம் விழுந்தது. நம் ஊர்த் தாய் ஒருத்தி நல்லபடியாகப் பிள்ளை பெற்று வீடு திரும்பும்போதும் அப்படியே. அவள் கூடையை ஒருநாள் சுமந்தவளுக்கும் அந்தச் சந்தோஷத்தில் பங்கு உண்டு.