கியர் மாற மறுக்கும் கார்

மோட்டார் வண்டியின் உறுப்புகளுள் உரிமையாளர் மிகுதியும் அஞ்சுவது தானியங்கிக் கியர்ப்பெட்டிக்கே எனலாம். சாதாரணப் பெட்டியில் சாரதியின் கையும் காலும் செய்யும் வேலையை இங்கே எண்ணெயின் அமுக்கம் செய்கின்றது. அது செய்யும் விதமோ கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே, கியர் மாறுவதில் சிறிது பிசகு தோன்றினாலும், பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும் என்ற தீர்ப்பு எளிதாகப் பிறந்துவிடுகின்றது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு அத்தீர்ப்புப் பல மாத வருவாயைப் பறிப்பதாகும். தீர்ப்புச் சரியாகவும் இருக்கலாம். ஆனால் பெட்டியைக் கழற்றுமுன்னரே அதனைச் சோதித்து அறிய வழியுண்டு.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 1940ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபில் கார்களுக்கென 1939இன் பிற்பகுதியில் ஹைட்ராமற்றிக் என்னும் பெட்டியை வெளியிட்டது. அன்று தொட்டு இன்றுவரை பெரும்பாலான தானியங்கிப் பெட்டிகளின் அடிப்படை ஒன்றே. நடுவில் ஒரு பற்சில்லு. அதனைச் சுற்றிக் கோள்கள் போல ஓடும் சிறு பற்சில்லுகள். அவற்றுக்கு வெளியே உட்பக்கம் பற்களுடைய ஒரு வளையம். இம்மூன்றில் எதனைச் சுழற்றி எதனை நிறுத்தி வைக்கிறோமோ, அதற்கேற்ப வேகமும் இழுவையும் மாறும். சுழற்றவும் நிறுத்தவும் உதவுபவை கிளச்சுத் தட்டுகளும் உருக்குப் பட்டிகளும். அவற்றை இறுகப் பிடிக்கச் செய்வது, பம்பு அனுப்பும் எண்ணெய்.

எனவே சோதனை எண்ணெயிலிருந்தே தொடங்க வேண்டும். வண்டியின் கையேடு கூறும் முறைப்படி அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தல் முதற்படி. எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சும்; கியர் விழத் தாமதிக்கும்; எஞ்சின் இரைந்தாலும் வண்டி வேகங்கொள்ளாது. அளவு மிஞ்சினாலும் தீங்கே. பற்சில்லுகள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். அடுத்துப் பார்க்க வேண்டியவை நிறமும் மணமும். வழக்கமான சிவப்பு எண்ணெய் கறுத்துக் கருகல் நாற்றம் வீசினால் கிளச்சுத் தட்டுகள் எரிந்திருக்கக் கூடும். பால் கலந்தாற்போல வெளிறியிருந்தால், றேடியேற்றரினுள் இருக்கும் எண்ணெய் குளிர்விக்கும் குழாய் பழுதுற்று நீர் கலந்துவிட்டது என்று ஐயுற வேண்டும்.

இரண்டாம் படி, பெட்டிக்கு வெளியேயுள்ள இணைப்புகள். பழைய வண்டிகள் பலவற்றில், அக்சிலறேற்றரை எவ்வளவு மிதிக்கிறோம் என்ற செய்தி ஒரு கம்பி வழியாகவோ எஞ்சினின் உறிஞ்சு குழாய் வழியாகவோ பெட்டியை அடையும். கம்பியின் அளவு பிசகினால் கியர் முந்தியோ பிந்தியோ மாறும். உறிஞ்சு குழாயின் நுனியிலுள்ள மென்தகடு கிழிந்தால் கியர் உதைப்போடு மாறுவதுடன், எஞ்சின் பெட்டியின் எண்ணெயையே உறிஞ்சி வெண்புகை கக்கும். குழாயைக் கழற்றிப் பார்த்து உள்ளே எண்ணெய் ஈரம் கண்டால் காரணம் வெளிப்பட்டுவிடும். மாற்ற வேண்டியது ஒரு சிறு உறுப்பு மட்டுமே.

மூன்றாம் படி, வண்டியை ஓட்டிப் பார்த்தல். இதற்குக் கிறைஸ்லர் நிறுவனம் 1956இல் அறிமுகஞ் செய்த ரோர்க்பிளைட் பெட்டி நல்ல உதாரணம். அதன் பின் கிளச்சு முன்செல்லும் எல்லாக் கியர்களிலும் வேலை செய்யும். முன் கிளச்சு மூன்றாங் கியரிலும் பின்னோக்கிச் செல்லும் கியரிலும் மட்டும் வேலை செய்யும். முன் பட்டி இரண்டாங் கியருக்கு உரியது. முதலிரண்டு கியர்களும் நன்றாயிருக்க, மூன்றாவதும் பின்கியரும் வழுக்கினால், இரண்டுக்கும் பொதுவான முன் கிளச்சின்மீதே ஐயம் விழும். இரண்டாங் கியர் மட்டும் வழுக்கினால் முன் பட்டி தளர்ந்திருக்கலாம். அதனை இறுக்கும் திருகாணி பெட்டியின் வெளிப்புறத்திலேயே உண்டு. சாதாரண ஓட்டத்தில் முதற்கியர் வழுக்கி, கைப்பிடியை '1' என்ற இடத்தில் வைத்தால் வழுக்காதிருக்குமாயின், பின் கிளச்சுக் குற்றமற்றது. பழுது ஒருவழிக் கிளச்சில் உள்ளது. பிற பெட்டிகளுக்கு உறுப்புகளின் ஒழுங்கு வேறுபடினும், எந்தெந்தக் கியர் கெட்டது என்று குறித்து அவற்றுக்குப் பொதுவான உறுப்பைத் தேடும் நியாயம் ஒன்றே.

இக்காலத்து வண்டிகளில் கியர் மாற்றத்தைக் கணினி ஆள்கின்றது. பெரும் பிழை கண்டால், பெட்டியைக் காக்கும்பொருட்டு அது ஒரே கியரில் நிலைத்துவிடுவதுண்டு. கருவியில் தோன்றும் பிழை எண் ஒரு மின்சுற்றில் குறையுண்டு என்று சொல்லும். அக்குறைக்குக் காரணம் அறுந்த கம்பியா, துருவேறிய இணைப்பா, பழுதுற்ற வால்வா என்பதைச் சொல்லாது. அதனை மனிதனே தேட வேண்டும். யப்பானிலிருந்து இலங்கைக்கு வந்த கார்கள் பலவற்றில் பற்சில்லுகளுக்குப் பதிலாக உலோகப் பட்டையால் வேகத்தை மாற்றும் பெட்டி உண்டு. அதற்குரிய எண்ணெய் வேறு. வழக்கமான சிவப்பு எண்ணெயை ஊற்றினால் நல்ல பெட்டியும் கெடும்.

இத்தனையும் பார்த்த பின்னும் எண்ணெய் கருகி, தட்டுகள் தேய்ந்த அடையாளம் தெளிவானால், பெட்டியைத் திறப்பதே முறை. அந்நிலையில் எண்ணெயை மட்டும் மாற்றி ஓட்டுவது நோயை மறைப்பதாகும். எரிந்த துகள்கள் வால்வுகளையும் அடைத்துவிடும்.

உரிமையாளர் செய்யத்தக்கதும் உண்டு. கோளாறு எந்தக் கியரில் தோன்றுகிறது, எஞ்சின் குளிர்ந்திருக்கையிலா சூடேறிய பின்னரா, சமதரையிலா ஏற்றத்திலா என்பவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு கராச்சுக்குச் செல்வாராயின், நல்ல மெக்கானிக்கின் வேலை பாதி முடிந்துவிடும். பெட்டியை மாற்றச் சொல்பவரிடம், எந்த உறுப்புக் கெட்டது, அது எவ்வாறு தெரிந்தது என்று கேட்கும் துணிவும் அத்தாளால் அவருக்குக் கிட்டும்.