வேலியும் பயிரும்



சில நாட்களுக்கு முன் நம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஊர்வலம் போவது குற்றமா சார்? கூட்டத்தில் நின்றாலே போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று பாட்டி சொல்கிறாரே!" என்று கேட்டாள். பாட்டி சொன்னதை வெறும் பயம் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. அந்தப் பயத்திற்கு நம் தோட்டங்களில் ஒரு வரலாறு உண்டு.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய நம் முன்னோர் சில கோரிக்கைகளை முன்வைத்தனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும். பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இவற்றுள் எது அநியாயம்? ஆயினும் அவர்களுக்குத் துணைநின்ற ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைதானார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது. ஐந்து தொழிலாளர்கள் சுடப்பட்டு மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். "வாயைத் திறந்தால் வம்பு" என்று நம் லயங்களில் பெரியவர்கள் அடக்கிவைத்தது இதனால்தான்.

1957இல் நாடு சுதந்திரம் பெற்றது. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 10ஆவது விதி, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் குடிமக்கள் அனைவருக்கும் தந்தது. பாதுகாப்புக்காகவும் பொது ஒழுங்குக்காகவும் அவ்வுரிமைக்கு நாடாளுமன்றம் வரம்பு விதிக்கலாம் என்றும் அதே விதி கூறுகிறது. பயிர் இருந்தால் வேலியும் வேண்டும் அல்லவா? ஆம்புலன்ஸ் போக வழி வேண்டும். கடைக்காரரின் கண்ணாடி உடையக்கூடாது.

ஆனால் வேலியே பயிரை மேயலாமா? 1967ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின்படி, பொது இடத்தில் கூடுவதற்குப் போலீஸ் அனுமதி பெற வேண்டியிருந்தது. உரிமையாக இருந்தது, கேட்டு வாங்கும் சலுகையாகிவிட்டது. 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் நடந்த ஹிண்ட்ராப் பேரணியில் ஆயிரக்கணக்கான நம்மவர்கள் திரண்டார்கள். கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் அவர்களைக் கலைத்தன. அடுத்த மாதம் தலைவர்கள் ஐவர் விசாரணையின்றி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டனர். அந்தச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது.

அதே ஆண்டில் அமைதிப் பேரணிச் சட்டம் வந்தது. அனுமதி என்பது போய், முன்னறிவிப்பு என்றாயிற்று. முதலில் 10 நாள்; 2019இல் அது 5 நாளாகக் குறைந்தது. அறிவிப்புக் கொடுக்காத ஏற்பாட்டாளருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க இடமிருந்தது. அந்தத் தண்டனை அரசியலமைப்புக்கு முரணானது என்று 2025 ஜூலை முதல் நாள் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவிப்புக் கொடுக்கும் கடமை இன்னும் இருக்கிறது. ஆனால் அதைத் தவறவிட்டதற்காக அமைதியாகக் கூடியவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பதே இதன் பொருள்.

நேயர்களே, சில செய்திகளை நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம். கல்யாணம், இறுதி ஊர்வலம், கோயில் கூட்டம் ஆகியவற்றிற்கு அறிவிப்புத் தேவையில்லை. பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களிலும், அவற்றிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பேரணி நடத்தக்கூடாது. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பேரணிக்கு அழைத்துச் செல்லக்கூடாது. இச்சட்டம் தரும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்போர் இதை மறக்கலாகாது. கலைந்து போகுமாறு போலீஸ் ஆணையிட்டால் எதிர்த்து மல்லுக்கு நிற்காமல், நடந்ததைக் குறித்துவைத்துக்கொண்டு பிறகு முறையிடுவதே நல்லது. எவரேனும் கைதானால், காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைக் கலந்துபேச விட வேண்டும். வழக்கமாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியலமைப்பின் 5ஆவது விதி.

வரம்பு நமக்கு மட்டும் உரியதன்று, அரசாங்கத்திற்கும் உண்டு. நாம் கல்லெறிந்தால் நம் வரம்பை மீறுகிறோம். அமைதியாக நிற்பவர்மேல் தடி வீழ்ந்தால் அரசாங்கம் தன் வரம்பை மீறுகிறது. இரண்டையும் அறிந்தவர்களே முறையாகக் கேட்க முடியும்.

அந்த மாணவிக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "அமைதியாகக் கூடுவது குற்றமன்று, அம்மா. பாட்டி கண்டதும் பொய்யன்று. இரண்டையும் பாட்டியிடம் போய்ச் சொல்."

மறுநாள் அவள் வந்து, "பாட்டி ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார் சார். அப்புறம், அவருடைய அப்பாவும் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்றவர்தான் என்று சொன்னார்" என்றாள்.